டாம் ஹாலண்டின் மிகச் சிறந்த நடிப்பு 14 வயதிலேயே முடிந்துவிட்டதா?

திரைவாசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நேற்றிரவு 'தி இம்பாசிபிள்' படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தேன். அதன்பிறகு தூக்கம் வரவில்லை. மனத்தில் உள்ளதை இங்கே கொட்டிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

படம் 2012இல் வந்தது. இயக்கியவர் ஸ்பெயினைச் சேர்ந்த பயோனா. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரை விடுதியில் தங்கியிருந்து சுனாமியில் சிக்கிய ஒரு குடும்பத்தின் உண்மைக் கதை. அம்மாவாக நவோமி வாட்ஸ், அப்பாவாக யுவன் மெக்ரெகர். மூத்த மகன் லூக்காஸாக வரும் சிறுவன்தான் இன்று உலகம் ஸ்பைடர்மேன் என்று அறிந்திருக்கும் டாம் ஹாலண்ட். அவர் முகம் காட்டி நடித்த முதல் படம் அதுதான். படப்பிடிப்பு தொடங்கியபோது வயது 14.

அலை வடிந்த பிறகு தாயும் மகனும் சேற்றுநீரில் நடந்து வருகிறார்கள். தாய் முன்னே, மகன் பின்னே. அவள் காலில் சதை கிழிந்து தொங்குவதை அவன் பார்க்கிறான். மேலாடை கிழிந்திருப்பதும் கண்ணில் படுகிறது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, உன்னை இப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை என்கிறான். அச்சமும் கூச்சமும் பச்சாதாபமும் ஒரே மூச்சில் அந்த முகத்தில் வந்து போகின்றன. அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நடிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

என் ஆதங்கம் இதுதான். இப்படிப்பட்ட ஒரு நடிகரைப் பத்தாண்டுகளாக ஒரு சிவப்பு முகமூடிக்குள் அடைத்து வைத்துவிட்டார்கள். லூக்காஸின் உயரத்தை அவர் மீண்டும் தொடவே இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்கன் எழுதியது:

//ஒரு சிவப்பு முகமூடிக்குள் அடைத்து வைத்துவிட்டார்கள்//

இதை நான் ஏற்கவில்லை, திரைவாசி அண்ணா. அந்த முகமூடி இல்லையென்றால் இன்று அவரைப் பற்றி இழை தொடங்க உங்களுக்குக் காரணமே இருந்திருக்காது. 2012இல் அமெரிக்காவின் நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ என்ற திரைப்பட அமைப்பு அவரைச் சிறந்த புதுமுகமாகத் தேர்ந்தெடுத்தது உண்மை. அதற்குப் பிறகு என்ன நடந்தது? வாய்ப்புகள் வறண்ட ஒரு காலத்தில் அவருடைய அம்மா அவரை கார்டிஃபில் தச்சுவேலை கற்க அனுப்பிவைத்தார். இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு படத்தில் கொண்டாடப்பட்ட சிறுவர்கள் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

2015 ஜூனில் அவர் ஸ்பைடர்மேனாக அறிவிக்கப்பட்டபோது வயது 19. ராபர்ட் டௌனி ஜூனியரோடும் கிறிஸ் எவான்ஸோடும் நின்று தேர்வுக் காட்சி நடித்து வாங்கிய வேடம் அது. 2016இல் முதல் தோற்றம், 2017இல் தனிப்படம், அதே ஆண்டில் பிரிட்டிஷ் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட விருது) வளரும் நட்சத்திர விருது. 2021 டிசம்பரில் வந்த 'நோ வே ஹோம்' 190 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நம் ஊரில் தமிழ் டப்பிங்கில் அதிகாலைக் காட்சிக்குப் போய் நின்றவர்களில் நானும் ஒருவன்.

அரங்கமல்லி எழுதியது:

நான் லண்டனில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். நீங்கள் இருவருமே கதையை நடுவிலிருந்து தொடங்குகிறீர்கள். படத்துக்கு முன்பு மேடை இருக்கிறது. அதைப் பார்க்காமல் இந்த நடிகரைப் புரிந்துகொள்ள முடியாது.

டாம் ஹாலண்ட் 1996 ஜூன் 1 அன்று தென்மேற்கு லண்டனில் கிங்ஸ்டனில் பிறந்தவர். அப்பா டொமினிக் ஹாலண்ட் மேடை நகைச்சுவைக் கலைஞர், எழுத்தாளர். அம்மா புகைப்படக் கலைஞர். விம்பிள்டனில் ஒரு நடனப் பள்ளியில் ஹிப்ஹாப் கற்றுக்கொண்டிருந்த சிறுவனை 2006இல் ரிச்மண்ட் நடன விழாவில் பார்த்தவர் லின் பேஜ். 'பில்லி எலியட்' இசை நாடகத்தின் நடன அமைப்பில் பணியாற்றியவர் அவர். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. உடனே மேடையேற்றிவிடவில்லை. தொடர்ந்து தேர்வுகள், ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் பயிற்சி. பாலே, டாப் நடனம், உடற்பயிற்சிச் சாகசங்கள், பாட்டு, வடகிழக்கு இங்கிலாந்தின் பேச்சு வழக்கு எல்லாவற்றையும் அந்த லண்டன் சிறுவன் கற்க வேண்டியிருந்தது. 2008 ஜூனில் முதலில் பில்லியின் நண்பன் மைக்கேலாக மேடையேறினார். செப்டம்பரில் பில்லியாகவே வந்தார். 2010 மே வரை நடித்தார்.

நாடகத்தின் கதை 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலத்தில் டரம் மாவட்டத்தில் நடக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் மகன் குத்துச்சண்டை வகுப்பை விட்டு பாலே வகுப்புக்குப் போகிறான். இசை எல்டன் ஜான், இயக்கம் ஸ்டீபன் டால்ட்ரி. விக்டோரியா பேலஸ் அரங்கில் நான் அதைப் பார்த்த இரவில் பில்லியாக நடித்தது ஹாலண்ட் அல்ல, வேறொரு சிறுவன். ஆனால் அந்த வேடம் ஒரு குழந்தையிடம் என்ன கேட்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஏறத்தாழ மூன்று மணி நேர நாடகம். முதல் பாதியின் முடிவில் சிறுவன் கோபத்தில் ஆடிக்கொண்டே போலீஸ் கேடயங்கள் மீது மோதுகிறான். நான் பக்கவாட்டு இருக்கையில் இருந்தேன். அவன் குனிந்து மூச்சு வாங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது தெரிந்தது. இரண்டாம் பாதியில் ஒரு கனவுக் காட்சி. வளர்ந்த பில்லி சிறுவனின் முதுகில் கம்பியைக் கொக்கி மாட்டுகிறான், சிறுவன் மேடைக்கு மேலே சுழன்று பறக்கிறான்.

கணக்கன் தம்பி, ஸ்பைடர்மேன் கம்பியில் தொங்குவதை நீங்கள் 2016இல்தான் முதலில் பார்த்தீர்கள். அந்தப் பிள்ளை 12 வயதிலேயே ஒவ்வொரு முறையும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் முன்னால் கம்பியில் பறந்துகொண்டிருந்தான்.

விளையும் பயிர் முளையிலே என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அது முளை அல்ல. நாற்றங்காலில் நட்டு, நீர் பாய்ச்சி, களையெடுத்து வளர்த்தது.

வெண்ணிலா எழுதியது:

மல்லி அக்கா, ஒரு சொந்த விஷயம் கேட்கிறேன். என் மகனுக்குப் பத்து வயது. பரதம் கற்கிறான். பள்ளியில் மற்ற பையன்கள் கேலி செய்கிறார்கள். ஆண்டு விழாவில் ஆடவும் அவனுக்கு இடம் தரவில்லை, பெண் பிள்ளைகள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரமாகச் சலங்கையைத் தொடவில்லை. டாம் ஹாலண்டும் கேலிக்கு ஆளானார் என்று எங்கோ படித்தேன். அது உண்மையா?

அரங்கமல்லி எழுதியது:

உண்மைதான் வெண்ணிலா. அவர் படித்தது ஆண்கள் பள்ளி. பில்லி வேடத்துக்கான பயிற்சிக் காலத்தில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் இறுக்கமான பாலே உடையில் ஆசிரியரோடு தனியாகப் பயிற்சி செய்வாராம், மற்ற பையன்கள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். இதை அவரே ஒரு பேட்டியில் சொன்னார். அந்தக் கண்ணாடியையும் அதற்குப் பின்னால் இருந்த முகங்களையும் நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. அவர் நிறுத்தவில்லை. ஏழு வயதில் அவருக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுதப் படிக்கத் தடுமாறும் கற்றல் குறைபாடு, இருப்பதும் கண்டறியப்பட்டது. எழுத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு உடம்பு ஒரு மொழியானது என்பது என் எண்ணம்.

உங்கள் மகனுக்கு 2017இல் அவர் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குடையோடு மழையில் ஆடிய நடனத்தைக் காட்டுங்கள். பெண் வேடத்தில் ஆடுகிறார். துளிக் கூச்சம் இல்லை. நீர் தேங்கிய தரையில் குட்டிக்கரணம் அடித்து எழுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பள்ளி வயதுக் குழந்தையை மேடையேற்ற உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு. உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், படிப்பும் கெடக்கூடாது. அதனால்தான் பில்லி வேடத்தை எப்போதும் மூன்று நான்கு சிறுவர்கள் மாற்றி மாற்றி ஏற்றார்கள். அவருடைய திறமையைப் புகழும்போது அந்தச் சட்டத்தையும் சேர்த்தே புகழ வேண்டும். அது இல்லாமல் போயிருந்தால் 14 வயதில் லூக்காஸாக நடிக்க அந்த உடம்பில் என்ன மிச்சம் இருந்திருக்கும்?

நெய்தல்நிலவன் எழுதியது:

இத்தனை நாள் இந்த மன்றத்தில் படித்துவிட்டுப் போகிறவன் நான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் நாகப்பட்டினம் பக்கம் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை எனக்குப் பதினேழு வயது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேல். தாய்லாந்தில் ஐயாயிரத்துக்கும் மேல், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வெளிநாட்டுப் பயணிகள்.

அந்தப் படத்தின் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உண்மையில் அந்தக் குடும்பம் ஸ்பெயின் நாட்டுக் குடும்பம். படத்தில் அவர்களை ஆங்கிலேயர் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்து செத்த தாய்லாந்து மக்கள் யார், அவர்கள் யாரைத் தேடினார்கள் என்பதற்குப் படத்தில் இடமே இல்லை. காப்பாற்றும் கைகளாக மட்டும் வருகிறார்கள். படம் வந்தபோதே இந்த விமர்சனம் எழுந்தது, அது நியாயமானது. விடுதியில் தங்கியவருக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது. எங்களுக்கு அந்தக் கரையே நாடு.

ஆனாலும் கிராமத்துப் பெண்கள் அந்தத் தாய்க்கு உடை உடுத்திவிடும் காட்சியை மறக்க முடியாது. ஒரு சொல் கூடப் புரியாத இரண்டு பேருக்கு நடுவே என்ன நடக்கும் என்பதை அது சரியாகச் சொல்கிறது.

இப்போது அந்தப் பையனைப் பற்றி. திரைவாசி ஐயா காலில் அடிபட்ட காட்சியைச் சொன்னார். என்னை உலுக்கியது மருத்துவமனைக் காட்சி. யாருக்காவது உதவி செய் என்று தாய் அனுப்புகிறாள். அவன் ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு வார்டு வார்டாக ஓடுகிறான். ஒவ்வொரு கட்டிலின் முன்னும் நின்று அந்தப் பெயர்களைக் கத்திச் சொல்கிறான். முதலில் தயங்கித்தான் தொடங்குகிறது குரல். பிறகு ஓட்டம் கூடுகிறது, குரலும் கூடுகிறது. ஒரு தகப்பனுக்கு மகன் கிடைத்துவிடுகிறான். தூரத்தில் நின்று அதைப் பார்க்கும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு திரும்பி வருகிறான். அம்மாவின் கட்டிலில் அம்மா இல்லை.

ஐயா, நான் அப்படிப் பெயர் சொல்லிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், கோயில், மறுபடி பள்ளிக்கூடம். எங்கள் சித்தியையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் தேடினேன். ஒருவர் பெயரைக் கத்தும்போது தொண்டை முதலில் கூச்சப்படும். இத்தனை பேர் அழுகிற இடத்தில் நாம் கத்துகிறோமே என்று. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு கூச்சம் போய்விடும். அந்தப் பதினான்கு வயது லண்டன் பையனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திரைவாசி எழுதியது:

நெய்தல்நிலவன், உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. படத்தைப் பற்றிய உங்கள் விமர்சனத்தை முழுமையாக ஏற்கிறேன். அந்த ஓட்டத்தில் குரல் கூடிக்கொண்டே போவதை மூன்று முறை பார்த்தும் நான் கவனிக்கவில்லை.

அலைக்காட்சிகளை ஸ்பெயினின் அலிகாந்தேயில் பெரிய நீர்த்தொட்டி ஒன்றில் எடுத்தார்கள். நவோமி வாட்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. சிறுவனுக்கு அது இல்லை. அந்த ஆண்டின் பெரிய பிழைகளில் அது ஒன்று.

வடகரையான் எழுதியது:

விவாதம் ஒரே படத்தைச் சுற்றி வருகிறது. நடுவில் எத்தனையோ இருக்கின்றன. 2015இல் ரான் ஹோவர்டின் கடற்படத்தில் கப்பல் சிறுவனாக நடிக்கப் பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைத்தார். அதே ஆண்டு 'வுல்ஃப் ஹால்' தொடரில் கிரெகரி குரோம்வெல். 2020இல் 'தி டெவில் ஆல் தி டைம்'. அதில் வரும் அடங்கிய கோபத்தை ஸ்பைடர்மேன் ரசிகர்கள் பார்க்கவே இல்லை. 2021இல் 'செர்ரி'. போரிலிருந்து திரும்பிப் போதைக்கு அடிமையாகி வங்கிக் கொள்ளையில் இறங்கும் படைவீரன். படம் எனக்குப் பிடிக்கவில்லை, அதிகப்படியான அலங்காரம். ஆனால் அவர் அதில் ஒளிந்துகொள்ளவில்லை.

நான் மதிப்பது வேறொன்றை. 2022 ஜனவரியில் ஒரு மாதம் மதுவை நிறுத்திப் பார்த்தார். அந்த ஒரு மாதம் முழுக்கத் தன் நினைப்பெல்லாம் குடியிலேயே இருந்ததைக் கண்டு பயந்துபோனார். இன்னொரு மாதம் நீட்டினார். பிறகு தன் பிறந்த நாள் வரை. அதன்பின் திரும்பவே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், மனநலத்துக்காகச் சமூக ஊடகங்களிலிருந்து விலகுவதாக வெளிப்படையாகச் சொன்னார். 2023இல் வந்த 'தி கிரவுடட் ரூம்' தொடர் அவரை மிகவும் அலைக்கழித்தது. அது முடிந்ததும் ஓராண்டு ஓய்வு எடுத்தார். தொடருக்கு விமர்சகர்கள் நல்ல வார்த்தை சொல்லவில்லை.

உச்சியில் இருக்கும் 27 வயது இளைஞர் எனக்குக் குடிப்பழக்கச் சிக்கல் இருக்கிறது என்று உரக்கச் சொல்வது சிறிய காரியமல்ல. என் வீட்டில் அதைச் சொல்ல முடியாமல் ஒருவர் போய்ச் சேர்ந்தார். அதனால் இது எனக்குப் பெரிய விஷயம்.

அவருடைய அப்பாவையும் சொல்ல வேண்டும். 1993இல் எடின்பரோவில் சிறந்த புதுமுக நகைச்சுவையாளர் விருது வாங்கியவர். ஆனால் எதிர்பார்த்த உயரம் அவருக்குக் கிடைக்கவில்லை. மகன் தன்னை எப்படி மிஞ்சினான் என்பதை 2013இல் ஒரு நூலாகவே எழுதினார். மகனை அவையத்து முந்தியிருப்பச் செய்துவிட்டு, தான் பின்வரிசையில் அமர்ந்து அதை எழுதுவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

கணக்கன் எழுதியது:

இப்போது நான் ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2018இல் 'இன்ஃபினிட்டி வார்' படத்தின் முடிவு. மற்ற வீரர்கள் எல்லாம் சத்தமின்றிச் சாம்பலாகிறார்கள். ஸ்பைடர்மேன் மட்டும் டோனி ஸ்டார்க்கின் தோளைப் பற்றிக்கொண்டு, எனக்குப் போக வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அங்கே முகமூடி இல்லை. சாகசமும் இல்லை. ஒரு சிறுவன் அப்பாவைப் போன்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான், அவ்வளவுதான். திரையரங்கில் எனக்கு முன்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர்கள் அதுவரை விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை.

திரைவாசி அண்ணா, அது லூக்காஸ் இல்லையா? அதே பிள்ளைதானே?

முதல் தனிப்படத்துக்கு முன்பு நியூயார்க்கில் பிராங்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் பெயரை மாற்றிக்கொண்டு சில நாள்கள் மாணவராக உட்கார்ந்திருந்தார். நான்தான் ஸ்பைடர்மேன் என்று ஒரு மாணவியிடம் சொல்லியும் அவர் நம்பவில்லையாம். ஏறத்தாழ 20 வயதில் பள்ளி மாணவனின் முதுகுப்பை எப்படித் தொங்கும் என்று பார்க்கப் போனவரைக் கூண்டில் அடைபட்டவர் என்று எப்படிச் சொல்வது?

அரங்கமல்லி எழுதியது:

2024 கோடையில் அவர் மேடைக்குத் திரும்பியதையும் பதிவு செய்ய வேண்டும். ட்யூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் ஜேமி லாய்டின் இயக்கத்தில் ரோமியோ. சில மணி நேரத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று நாள் அரங்க வாசலில் போய் நின்றும் பார்த்தேன், பயனில்லை.

ஆனால் அந்த நாடகத்தை நினைத்தாலே எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்துக்காக. ஜூலியட்டாக நடித்த ஃபிரான்செஸ்கா அமேவுடா-ரிவர்ஸ் கறுப்பினப் பெண் என்பதற்காக இணையத்தில் அவர் மீது கொட்டப்பட்ட வசையைப் படிக்கவே முடியவில்லை. நாடகக் குழு அதைக் கண்டித்து அறிக்கை விட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கறுப்பினக் கலைஞர்கள் அவருக்குத் துணையாகக் கடிதம் எழுதினார்கள். கூட்டம் ஹாலண்டுக்காகத்தான் வந்தது, அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அந்த மேடையில் ஒவ்வொரு இரவும் அதிகத் துணிச்சல் தேவைப்பட்டது அந்தப் பெண்ணுக்குத்தான்.

திரைவாசி எழுதியது:

கணக்கன் தம்பி, அந்த இறுதிக் காட்சியை நேற்று மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. லூக்காஸ் அங்கே இருக்கிறான். மீண்டும் தொடவே இல்லை என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்த உயரத்தில் முழு நீளப் படம் ஒன்று இன்னும் வரவில்லை என்பதில் மாற்றமில்லை. கிறிஸ்டோபர் நோலன் படமாக்கிய ஒடிசியில் அவருக்குத் தெலமாக்கஸ் வேடம். போரிலிருந்து திரும்பாத தந்தையைத் தேடிப் போகும் மகன். அந்த வேடத்துக்கு இவரைத் தவிர வேறு யாரையும் என்னால் நினைக்க முடியவில்லை.

வெண்ணிலா எழுதியது:

மல்லி அக்கா, குடை நடனத்தைக் காட்டினேன். நான்கு முறை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் மாடியிலிருந்து தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. சலங்கை கட்டவில்லை, வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தான். நான் மேலே போகவில்லை.

நெய்தல்நிலவன் எழுதியது:

இந்த இழையைப் படித்தபிறகு நேற்று என் மகளோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அலையைப் பற்றி நான் வீட்டில் பேசுவதே இல்லை. அவளும் கேட்டதில்லை. சின்ன வயது ஸ்பைடர்மேன் நடித்த படம் என்று சொன்னதால்தான் உட்கார்ந்தாள்.

மருத்துவமனைக் காட்சி வந்தது. அவன் பெயர்களைக் கத்திக்கொண்டு ஓடினான். அவள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்களும் இப்படிக் கூப்பிட்டுக்கொண்டு போனீர்களா?"

ஆமாம் என்றேன்.

"யார் பேரை?"

சித்தியின் பெயரைச் சொன்னேன். பிறகு பெரியவன் பெயர். பிறகு சின்னவள் பெயர். சின்னவளுக்கு அப்போது ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன என்றும் சொன்னேன். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மூன்று பெயர்களையும் ஒன்றாக உரக்கச் சொன்னது நேற்றுதான். மகள் அவற்றை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதன்பிறகு படத்தை ஓடவிட்டாள்.